கோட்டைத் தாண்டினால் தண்டம்!

சடுகுடுவில் எல்லைக்கோட்டைத் தாண்டினால் அவுட். இது எல்லாருக்கும் தெரியும். ஆட்டம் ஆரம்பிக்கும் முன்பே கோட்டைத் தாண்டி, அதுக்காக 2,000 பவுண்டு தண்டம் அழுத ஆசாமிகளைத் தெரியுமா சார் உங்களுக்கு?

இங்கிலாந்து ரக்பி அணிதான். 2019 அக்டோபர் 26, ஜப்பானின் யோகோஹாமாவில் உலகக் கோப்பை அரையிறுதி. எதிரே நியூசிலாந்து. அந்தக் கறுப்புச் சட்டைக்காரர்கள், ஆட்டம் தொடங்கும் முன் வரிசையாக நின்று தொடையைத் தட்டி, கண்ணை உருட்டி, நாக்கை நீட்டி ஓர் ஆட்டம் போடுவார்கள். பெயர் ஹக்கா. மாவோரி மக்களின் வழக்கம். முதல் தடவை பார்க்கிறவருக்குச் சிரிப்பு வரலாம். இரண்டாம் தடவை வராது.

கல்யாணம், சாவு, விருந்தாளி வரவேற்பு... எல்லாவற்றுக்கும் அவர்களிடம் ஹக்கா உண்டு. ரக்பி அணி அதிகம் ஆடுவது, தே ரௌபரஹா என்ற தலைவர் 1820 வாக்கில் இயற்றியது. விரோதிகள் துரத்த, கிழங்கு சேமிக்கும் குழிக்குள் பதுங்கித் தப்பிய மனுஷன், உயிர் பிழைத்த சந்தோஷத்தில் ஆடியதாம். அது அவருடைய இனக்குழுவின் பொக்கிஷம் என்று 2014-ல் நியூசிலாந்து நாடாளுமன்றம் சட்டமே போட்டது.

அன்றைக்கு இங்கிலாந்துக்காரர்கள் ஆங்கில 'வி' எழுத்து மாதிரி விரிந்து நின்று ஹக்காவை எதிர்கொண்டார்கள். ஓரத்தில் இருந்த சிலர் நடுக்கோட்டைத் தாண்டிவிட, அதற்குத்தான் அபராதம். மேட்ச்சை 19-7 என்று ஜெயித்தார்கள் என்பது வேறு விஷயம். இதற்கு முன்பு 2011 இறுதியாட்டத்தில் பிரான்ஸ் இதே வேலையைச் செய்து 2,500 பவுண்டு கட்டியது. ஆட்டத்திலும் ஒரே பாயின்ட்டில் தோல்வி. பாவம், டபுள் செலவு!

ஆனால், 1991 உலகக் கோப்பை அரையிறுதியில் ஆஸ்திரேலியாவின் டேவிட் கேம்பீஸி செய்ததற்கு அபராதமே கிடையாது. எதிரே ஹக்கா நடக்கும்போது அவர் ஒதுக்குப்புறமாகப் போய்த் தனியாகப் பந்தோடு விளையாடிக்கொண்டிருந்தார். பி.காம். புத்தியோடு கணக்கு எழுதினால், இங்கிலாந்தை நான் வரவில் வைப்பேன். கண்ணைப் பார்த்து நின்றானே! கேம்பீஸி? பற்றுதான். சவாலுக்கு எதிர் சவால் மரியாதை. முதுகைக் காட்டுவது அப்படி இல்லை.

இந்தக் கணக்கு எங்கள் எளாவூருக்கு ரொம்ப அவசியம். ஆந்திரா போகிற ஹைவேயில் செக்போஸ்ட்டால் பேர் வாங்கிய ஊர். பக்கத்தில் கும்மிடிப்பூண்டி சிப்காட். ஷிப்ட் முடிகிற நேரம் டீக்கடையில் நின்றால் தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா நாலும் காதில் விழும். 2025 பொங்கல் சமயம் எங்கள் பையன்களுக்கும் கான்ட்ராக்டில் வேலை செய்யும் பீகார் பையன்களுக்கும் ஒரு கபடி மேட்ச்.

நம்மாட்கள் நடுக்கோட்டில் எலுமிச்சம்பழம் அறுத்து, சூடம் ஏற்றிக் கும்பிட்டார்கள். எதிரணி அமைதியாக நின்றது. அடுத்து அவர்கள் வட்டமாகக் கூடி, மண்ணை அள்ளி நெற்றியிலும் தொடையிலும் தேய்த்து, 'பஜ்ரங்பலி' என்று குரல் கொடுத்தார்கள். உடனே மூலையிலிருந்து விசில்! ஒருத்தன் அதே மாதிரி தொடையைத் தட்டிக் காட்டுகிறான். மைக் செட் பையன் சமயம் பார்த்து ஒரு குத்துப்பாட்டைத் தட்டி விட்டான். அவர்கள் கேப்டன் மண் ஒட்டிய கையோடு அப்படியே நின்றான். அடிதடிக்கு இன்னும் அரை நிமிஷம்தான் பாக்கி.

"இது என்னப்பா, கட்சி கோஷம் மாதிரி இருக்கு?" என்றார் பக்கத்தில் ஒரு பெரியவர். கோஷம் இல்லை ஐயா. வடக்கே மல்யுத்தப் பயில்களங்களில் அனுமார்தான் குலசாமி மாதிரி. அவரைக் கும்பிட்டு, மண்ணைத் தொட்டுவிட்டுத்தான் இறங்குவார்கள்.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற எங்கள் பையன் ஒருத்தன் நேராகப் போய் பாட்டை நிறுத்திவிட்டு வந்தான். "இன்னாண்ணா இது... நம்ம சூடத்தை அவனுங்க கால்ல அணைச்சிருந்தா நாம சும்மா இருப்போமா?" என்றான் என்னிடம். அப்புறம் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கமே கையைக் கட்டி நின்று, "மறுபடி பண்ணுங்க" என்று சைகை காட்டினான். பண்ணினார்கள். அதற்குப் பிறகு அதே கேப்டன் பாடி வந்தபோது கணுக்காலைப் பிடித்துக் கவிழ்த்தவனும் இவனேதான். தயவு தாட்சண்யமே இல்லை!

இதெல்லாம் நமக்குப் புதுசா என்ன? அலங்காநல்லூர் வாடிவாசலில் முதலில் வருவது கோயில் காளை. அதை யாரும் பிடிப்பதில்லை. கார் பரிசு வாங்கத் துடிக்கிற வீரனும் கும்பிட்டு ஒதுங்குகிறான். அந்தக் கோயிலுக்கும் அவனுக்கும் சம்பந்தம் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அடுத்த மாடு வந்ததும் அதே கை திமிலைத் தேடிப் பாயும்.

அந்த ஒரு மாடு போகிற நேரம்தான் கேட்கிறேன். ஊர்க் கமிட்டியிடம் சொல்லி, அடுத்த நோட்டீஸில் 'மாலை 4 மணிக்கு ஆட்டம்' என்பதற்கு மேலே ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்: '3.45 - இரு அணியினர் வணக்கம். மைக் செட் ஆஃப்.' கமிட்டி தலையாட்டிவிட்டது. மைக் செட் பையன்தான் என்னைப் பார்த்தால் முறைக்கிறான்.