குலுக்கை இருவருக்கும் பொது

புரட்டாசி பிறந்தால் ஓட்டப்பிடாரம் வட்டாரத்துச் சம்சாரி வீடுகளில் ஒரு கேள்வி எழும்: “விதைக்கு இருப்பு இருக்கா?” கேட்பவர் வீட்டுக்காரர். பதில் சொல்கிறவர் வீட்டுக்காரி. உளுந்து எத்தனை மரக்கால், பாசிப்பயறு எந்தப் பானையில், குதிரைவாலி போன தையில் எந்தப் புஞ்சையில் அறுத்தது, வண்டு விழுந்ததா இல்லையா என்பதெல்லாம் அவர் மனசில் இருக்கும். எழுதி வைத்த கணக்கு எதுவும் இல்லாமலே பட்டியல் போல ஒப்பிப்பார். அந்த வருஷத்து வெள்ளாமையின் முதல் அடி அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

அப்படிப்பட்ட அறிவுக்கு நம் வீடுகளில் உரிய இடம் கிடைத்திருக்கிறதா? ஒரு வீட்டின் இருப்பு கணவன், மனைவி இருவருக்கும் பொது என்று வாயால் சொல்கிறோம். இருப்பில் என்ன இருக்கிறது என்று இருவருக்கும் தெரிய வேண்டும். அதை எப்போது எடுப்பது, எதற்குக் கொடுப்பது என்பதில் இருவருக்கும் சொல் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத இடத்தில் ‘பொது’ என்பது பேச்சளவில் நின்றுவிடும்.

மழையை நம்பிய மண்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் என்று விரியும் கரிசல் பூமி மானாவாரி பூமி. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஆண்டு முழுவதும் கிடைப்பது சுமார் 650 மில்லிமீட்டர் மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் கரிசல், அந்த மழையைக் குடித்து ஈரத்தைப் பல வாரங்களுக்குப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரத்தில்தான் உளுந்தும் பாசியும் சோளமும் கம்பும் பருத்தியும் விளைகின்றன.

இங்கே விதைப்புக்குக் கிடைக்கும் அவகாசம் மிகக் குறுகியது. பருவமழை இறங்குவதற்கு முன்பே, செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் முதல் வாரத்துக்குள், காய்ந்த மண்ணில் விதையைப் போட்டுவிட்டு மழைக்குக் காத்திருக்கும் முன்பருவ விதைப்பு இந்த வட்டாரத்தின் பழக்கம். கோவில்பட்டியில் 1901-ஆம் ஆண்டு தொடங்கி இயங்கிவரும் வேளாண் ஆராய்ச்சி நிலையமும் இந்த மண்ணுக்கு ஏற்ற மானாவாரி ரகங்களையும் முறைகளையும்தான் ஆராய்ந்து வந்திருக்கிறது. மேகம் திரண்ட பிறகு விதை தேடி அலைகிறவருக்குப் பருவம் தவறிவிடும். விதை வீட்டிலேயே இருக்க வேண்டும். அதுவும் முளைக்கிற விதையாக இருக்க வேண்டும்.

தை, மாசியில் களத்திலிருந்து வீட்டுக்கு வந்த தானியம் புரட்டாசி வரை ஏழெட்டு மாதம் உயிரோடு இருந்தாக வேண்டும். நடுவே சித்திரை, வைகாசி வெயில் வருகிறது. அந்த ஏழெட்டு மாதக் காவலை ஏற்றவர்கள் பெண்கள்.

காவலின் நுட்பம்

குலுக்கை என்பது மண்ணும் வைக்கோலும் சேர்த்துக் குழைத்து, வளையம் வளையமாக அடுக்கி எழுப்பிய தானியக் களஞ்சியம். மேல்வாயில் மூடி போட்டு மெழுகிவிடுவார்கள். அடியில் ஒரு துவாரம். துணியை உருட்டி அடைத்திருப்பார்கள். வேண்டும்போது அதைத் திறந்து தானியத்தை எடுத்துக்கொள்ளலாம். சாப்பாட்டுக்கு உள்ளது குலுக்கையில் இருக்கும். விதைக்கு உள்ளது தனிப் பானையிலும் காய்ந்த சுரைக்குடுக்கையிலும் பனையோலைப் பெட்டியிலும் இருக்கும். இரண்டும் ஒருநாளும் கலக்காது.

காவல் களத்துக்கு முன்பே தொடங்கிவிடும். அறுப்புக்கு முன் புஞ்சைக்குள் நடந்து, கதிர் நிறைந்த, நோய் தீண்டாத சோளத்தட்டையைப் பார்த்து அடையாளம் வைப்பார்கள். அந்தக் கதிர்களைத் தனியே கொய்து அடுப்புப் புகை படும்படி தொங்கவிடுவார்கள். பயறு வகைகளுக்கு வேறு பக்குவம். துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைப்பது, உளுந்தோடு சாம்பல் கலப்பது, வேப்பிலையும் நொச்சி இலையும் வசம்பும் போட்டு வைப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை இருந்தது.

இவற்றுக்கெல்லாம் காரணம் உண்டு. பயறு வண்டு காட்டிலேயே முற்றிய நெற்றின் மேல் முட்டையிட்டுவிடும். தானியத்தோடு வீட்டுக்குள் வந்து, பானைக்குள் தலைமுறை தலைமுறையாகப் பெருகும். நுண்ணிய சாம்பலும் செம்மண்ணும் பயறின் மேல் படிந்தால் பூச்சியின் மேல்தோலில் உள்ள மெழுகுப் பூச்சு உரசிப் போகிறது. உடம்பின் ஈரத்தை இழந்து பூச்சி சாகிறது. நூறு கிலோ பயறு விதைக்கு ஒரு கிலோ களிமண் தூள் கலந்து வைக்கச் சொல்லும் இன்றைய வேளாண் பரிந்துரைக்கும் இதே தத்துவம்தான் அடிப்படை.

காயவைப்பதிலும் கணக்கு இருக்கிறது. விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது விதை அறிவியலில் பொதுவாகச் சொல்லப்படும் விதி. வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் அப்படியே. பயறு விதையில் 9 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கக்கூடாது என்கிறது சான்று விதைக்கான தரம். கருவி இல்லாத காலத்தில் பெண்கள் ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்த்து, அது உடைகிற ஓசையில் பதம் அறிந்தார்கள். 2008-இல் நார்வே நாடு வடதுருவத்துக்கு அருகில் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் உலக விதைக் காப்பகத்தைத் திறந்தது. அங்கே மைனஸ் 18 டிகிரியில் விதைகள் உறங்குகின்றன. அங்கே குளிர் செய்கிற வேலையில் ஒரு பங்கை இங்கே வெயிலும் புகையும் சாம்பலும் செய்தன.

ஒருவர் மட்டும் அறிந்த இருப்பு

இருப்பை ஒருவர் மட்டும் அறிந்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். மேல்நாட்டு வீடுகளில் வைன் சேர்க்கும் பழக்கம் உண்டு. நிலவறையில் 12, 13 டிகிரிச் சூட்டில், வெளிச்சம் படாமல், புட்டிகளைப் படுக்கவைத்து ஆண்டுக்கணக்கில் காப்பார்கள். ஒவ்வொரு புட்டிக்கும் திறக்கத் தக்க காலம் உண்டு. முந்தித் திறந்தால் சுவை கூடியிருக்காது, பிந்தினால் கெட்டுப்போகும். பெரும்பாலும் கணவன், மனைவி இருவரில் ஒருவருக்குத்தான் அந்த விவரம் தெரியும். அவர் நோயில் விழுந்தாலோ மறைந்தாலோ மற்றவருக்கு எது உயர்ந்தது, எது நாள் கடந்தது என்று புரியாது. அதனால்தான் இருவரும் படிக்கும்படி ஒரு பதிவேடு வைக்க வேண்டும், எதைத் திறப்பது என்று இருவரும் சேர்ந்து தீர்மானிக்க வேண்டும் என்று அந்தத் துறை அறிந்தவர்கள் வலியுறுத்துகிறார்கள்.

கரிசல் வீட்டு விதைப்பானைக்கும் இதே ஆபத்துதான். அறிவு முழுவதும் மனைவியிடம். அதை அவரிடம் யாரும் கேட்டு எழுதி வைக்கவில்லை. மாமியார் மருமகளுக்குச் சொல்லிக் கொடுத்த சங்கிலி இருந்தவரை இழப்பு தெரியவில்லை. மருமகள் தூத்துக்குடிக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போன வீட்டில் அந்தச் சங்கிலி அறுந்தது. பாட்டி கண்மூடியபோது, அவர் பெயர் சொல்லி அடையாளம் காட்டிய சோளமும் கம்பும் கூடவே போய்விட்ட வீடுகள் எத்தனையோ.

முடிவெடுப்பதில் நிலைமை இன்னும் மோசம். காத்தவர் மனைவி, விற்பவர் கணவர். பள்ளிக்கூடக் கட்டணம், மருத்துவச் செலவு, வட்டி என்று நெருக்கடி வரும்போது வியாபாரிக்கு விற்க முதலில் கண்ணில் படுவது விதைக்கு ஒதுக்கிய மூட்டை. “விதையில மட்டும் கை வைக்காதீக” என்று பெண்கள் குறுக்கே நின்றிருக்கிறார்கள். அந்தக் குரல் எடுபட்ட வீட்டில் புரட்டாசியில் கடன் வாங்காமல் விதைக்க முடிந்தது. எடுபடாத வீட்டில், தையில் மலிவாக விற்றதையே கூடுதல் விலை கொடுத்து வாங்க வேண்டி வந்தது.

கடை விதை வந்த பிறகு

மரபணு மாற்றிய பருத்திக்கு இந்தியா 2002-இல் அனுமதி அளித்தது. வீரிய மக்காச்சோளமும் கரிசலில் பரவியது. இவற்றின் விதையை எடுத்து வைத்து மறுவருஷம் விதைத்தால் அதே விளைச்சல் வராது. ஆண்டுதோறும் கடையில்தான் வாங்க வேண்டும். எந்த விதை என்று சொல்பவர் கடைக்காரர். ரசீது கணவர் பெயரில். விதையைப் பற்றிய பேச்சு வீட்டை விட்டு வெளியேறியதும், அந்தப் பேச்சில் மனைவிக்கு இருந்த இடமும் போயிற்று. மக்காச்சோளத்தால் வருமானம் கண்ட குடும்பங்கள் பல. அதை நான் மறுக்கவில்லை. அந்த மாற்றத்துக்கு வீட்டுக்குள் யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

எல்லாம் கைவிட்டுப் போய்விடவில்லை. உளுந்தும் பாசிப்பயறும் தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர்கள். நல்ல ரகத்தை ஒருமுறை வாங்கிக் கலப்பில்லாமல் காத்தால் சில ஆண்டுகளுக்கு வீட்டு விதையே போதும். ஓட்டப்பிடாரம் வட்டாரத்தின் முக்கியமான பயிர்களே இவை இரண்டும்தான். ஆகவே விதைப்பானைக்கு இன்றும் இங்கே வேலை இருக்கிறது.

சட்டம் யார் பக்கம்?

2001-இல் நாடாளுமன்றம் இயற்றிய பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், விவசாயி தன் விளைச்சலிலிருந்து விதை எடுத்து வைக்கவும், விதைக்கவும், பரிமாறவும், வணிக முத்திரை இல்லாமல் விற்கவும் உரிமை தருகிறது. யார் விவசாயி என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கம் முக்கியமானது. உழுது பயிரிடுபவரோடு, பாரம்பரிய ரகங்களைத் தனியாகவோ பிறரோடு சேர்ந்தோ பாதுகாத்து, அவற்றின் நல்ல குணங்களைத் தேர்ந்தெடுப்பவரும் விவசாயியே. பட்டாவில் பெயர் இல்லாவிட்டாலும், பாரம்பரிய விதை காக்கும் மனைவி அந்தச் சட்டத்தின் கண்ணில் விவசாயி.

நிலத்தின் கதை வேறு. தமிழ்நாட்டில் 1989-லேயே மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு கொடுத்தோம். 2005-இல் நாடு முழுவதற்கும் அது சட்டமானது. ஆனாலும் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சாகுபடி நிலப் பொறுப்பாளர்களில் பெண்கள் ஏறத்தாழ 14 சதவீதமே. கலிபோர்னியாவில் திருமணத்துக்குப் பின் சேர்த்த சொத்தில் கணவனுக்குப் பாதி, மனைவிக்குப் பாதி; நிலவறை வைன் புட்டிக்கும் அந்தக் கணக்கு பொருந்தும். இந்தியாவில் கோவாவின் பழைய உரிமையியல் சட்டத்தில் அப்படியொரு ஏற்பாடு இருக்கிறது.

இந்த இருளில் 2023 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு விளக்கேற்றியது. கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்ப, மனைவி இங்கே குடும்பத்தைப் பார்த்துக்கொண்ட வழக்கு. மனைவியின் வீட்டு உழைப்பு இல்லாமல் கணவரால் சம்பாதித்திருக்க முடியாது. அந்த உழைப்பும் சொத்துக்குச் செலுத்திய பங்கே. எனவே சம உரிமை உண்டு என்று நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்பளித்தார். இந்தப் பங்களிப்பை அங்கீகரிக்கத் தனிச் சட்டம் இல்லை என்பதையும், அங்கீகரிக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் தடுக்கவில்லை என்பதையும் அந்தத் தீர்ப்பு சுட்டிக்காட்டியது. வீட்டு வேலைக்கே இந்த மதிப்பு என்றால், ஏழெட்டு மாதம் விதையின் உயிரைக் காத்த உழைப்புக்கு எவ்வளவு மதிப்புத் தர வேண்டும்!

காத்தவர்களை நாடு கவனிக்கத் தொடங்கியிருக்கிறது. மகாராஷ்டிரத்தில் பாரம்பரிய விதைகளைச் சேகரித்துக் காத்த ராஹிபாய் போபேரேவுக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. தெலங்கானாவின் ஜகீராபாத் வட்டாரத்தில் சிறுதானிய விதைகளைக் காத்த பெண்கள் அமைப்பான தக்காண வளர்ச்சிக் கழகம் 2019-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் பரிசைப் பெற்றது. அவர்கள் செய்ததைத்தான் கரிசல் வீட்டுப் பெண்களும் செய்து வந்தார்கள்.

இந்தப் புரட்டாசிக்கு முன்

கரிசல் சீமைச் சகோதர, சகோதரிகளிடம் சில வேண்டுகோள்கள்.

விதைப்புக்கு ஒரு மாதம் முன்பே கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து இருப்பைப் பாருங்கள். என்ன விதை, எந்தப் புஞ்சையில் எந்த மாதம் எடுத்தது, எத்தனை கிலோ என்று பிள்ளையின் பழைய நோட்டில் எழுதுங்கள். மனைவி சொல்லட்டும், கணவர் எழுதட்டும். பிள்ளைகளும் பக்கத்தில் இருக்கட்டும்.

ஒவ்வொரு விதையிலும் 100 மணியை எண்ணி, ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து, தினமும் தண்ணீர் தெளியுங்கள். ஒரு வாரத்துக்குள் எத்தனை முளைத்தது என்று இருவரும் எண்ணுங்கள். உளுந்து, பாசி, சோளத்தில் 75-க்குக் குறையாமல் முளைத்தால் தைரியமாக விதைக்கலாம். குறைந்தால் வேறு விதை தேட இன்னும் நேரம் இருக்கும்.

விதைக்கு ஒதுக்கியதை விற்பதாக இருந்தால், இருவரும் சம்மதித்தால் மட்டுமே விற்பது என்று வீட்டுக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். நிலம் வாங்கும்போது மனைவி பெயரையும் சேருங்கள். தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் 1 முதல் பெண்கள் பெயரில் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது. வேளாண் துறை அலுவலர்களுக்கும் ஒரு கோரிக்கை: விதைப் பயிற்சிக்கு அழைக்கும்போது கணவனையும் மனைவியையும் சேர்த்து அழையுங்கள். ஒருவருக்கு மட்டும் சொன்ன பாடம் அந்த வீட்டில் பாதிதான் சேரும்.

குலுக்கையைக் காத்தவருக்கு அதைத் திறக்கும் உரிமையிலும் சரிபாதி உண்டு. இதை நீதிமன்றம் சொல்லும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நம் வீட்டில் நாமே இன்றைக்கே நடைமுறைக்குக் கொண்டுவரலாம்.