ஹவுன்ஸ்லோ கறிவேப்பிலையும் கறுத்துப்போன வெள்ளை ஈயும்

"என்ன தம்பி, உங்கட கறிவேப்பிலை வடிவா வளருதெண்டு ஊரெல்லாம் சொல்லித் திரியிறன், இலை முழுக்கத் தூசி பிடிச்சுக் கிடக்கு. ஒரு ஈரத்துணியால துடைக்கக் கூடாதே?"

பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா ரசத்துக்கு ஒரு ஈர்க்குக் கேட்டு வந்திருந்தார். பிப்ரவரி மாதம். வெளியே ஐந்தரை மணிக்கே இருட்டு. ஜன்னலோரத் தொட்டிகளில் கறிவேப்பிலை, நாலு மிளகாய், ஒரு கத்தரி. தலைக்கு மேலே எல்இடி விளக்கு, காலடியில் ரேடியேட்டர். இலையைத் திருப்பிப் பார்த்தேன். அக்கா சொன்ன தூசி நடந்துகொண்டிருந்தது.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று தையல் பெட்டியில் கிடந்தது. அதை வைத்துப் பார்த்தால் இலையின் அடிப்பக்கம் ஒரு தனி ஊர். நரம்போரமாகக் கண்ணாடி மணி போல முட்டைகள். வெளிர்மஞ்சள் உடம்பில் இரண்டு பக்கமும் கறுப்புப் பொட்டு வைத்த எட்டுக்கால் பேன்கள். இரண்டு இலைகளுக்கு நடுவே கட்டிய நூலில் ஒன்றன்பின் ஒன்றாக அவை ஏறிப் போய்க்கொண்டிருந்தன. நம் ஊர் வெண்டைக்கும் கத்தரிக்கும் வரும் அதே செம்பேன்தான். கோடையில் காய்ந்து கிடக்கும் வயலில் வர வேண்டியது, பனிக்காலத்து லண்டனில், ஹவுன்ஸ்லோவில் வந்து உட்கார்ந்திருந்தது.

யோசித்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. செம்பேனுக்கு வேண்டியது சூடும் வறட்சியும். ரேடியேட்டர் இரண்டையும் தருகிறது. 12 டிகிரி செல்சியஸில் முட்டையிலிருந்து முழுப் பேனாக ஒரு மாதத்துக்கு மேல் எடுக்கும் இந்த உயிர், 30 டிகிரியில் எட்டே நாளில் வளர்ந்துவிடும். ஒரு பெண் பேன் நூறு முட்டை வரை இடும். ஆணோடு சேராமலும் இடும். அப்படி இட்ட முட்டையெல்லாம் ஆணாகப் பொரியும், அந்த ஆண்களோடு சேர்ந்து அதுவே குடும்பத்தைப் பெருக்கிக்கொள்ளும். ஆக, குடியேற ஒரே ஒரு பேன் போதும்.

வெளியே இருக்கும் செம்பேன், பகல் குறுகத் தொடங்கியதும் 'குளிர் வருகிறது' என்று புரிந்துகொள்ளும். உடம்பு செங்காவியாக மாற, தீனியை நிறுத்திவிட்டு ஏதாவது விரிசலில் ஒடுங்கிவிடும். என் ஜன்னலில் விளக்கு தினமும் பதினாறு மணி நேரம் எரிகிறது. அந்தப் பேனுக்கு டிசம்பர் என்ற சேதியே போய்ச் சேரவில்லை. மழை இல்லை, அடித்துக்கொண்டு போகக் காற்று இல்லை, தின்ன வருபவர் யாரும் இல்லை. கதவைச் சாத்திச் செடியைக் காப்பாற்றுவதாக நினைக்கிறோம்; சாத்திய கதவு காப்பாற்றுவது பூச்சியைத்தான்.

முதலில் செய்தது எல்லாத் தமிழரும் செய்வதுதான். வேப்ப எண்ணெய், கொஞ்சம் சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர், குலுக்கி அடி. இந்த ஊரில் அதற்கு ஒரு சட்டச் சிக்கல் உண்டென்று அப்புறம்தான் தெரிந்தது. பிரிட்டனில் எந்தப் பொருளையும் பூச்சிமருந்தாகத் தெளிக்க, அது அந்த வேலைக்கென்று அனுமதி பெற்றிருக்க வேண்டும். வீட்டுத் தோட்டத்துக்கு அனுமதித்த பட்டியலில் வேப்ப எண்ணெய் கிடையாது. கடையில் இலைக்குப் பளபளப்பு தரும் எண்ணெய் என்ற பேரில் விற்கிறார்கள், வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் விஷயம் தெரியும். இதே ஐரோப்பாவில்தான், வேப்பெண்ணெய்ச் சாறு பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் என்பதைத் தன் கண்டுபிடிப்பென்று அமெரிக்க வேளாண் துறையும் டபிள்யூ.ஆர். கிரேஸ் நிறுவனமும் 1994-இல் காப்புரிமை வாங்கின. எதிர்த்தவர்கள் வழக்காடி 2000-இல் அது ரத்தாகி, மேல்முறையீடும் 2005-இல் தள்ளுபடியானது. நம் பாட்டிக்குத் தெரிந்ததைக் கண்டுபிடித்தவர்கள் ஒரு பக்கம், அதையே தெளிக்கக் கூடாதென்பவர்கள் இன்னொரு பக்கம்.

சட்டத்தை விடுங்கள். சோப்பும் எண்ணெயும் பட்ட பேன் சாகும், படாத முட்டை சாகாது. வாரம் இரண்டு தடவை, ஒவ்வொரு இலையின் அடியையும் திருப்பித் திருப்பி அடிக்க வேண்டும். ஒரு இலை தப்பினால் பத்து நாளில் பழைய கதை. இரண்டு மாதம் அடித்து, கை ஓய்ந்து, கடைசியில் காசு கொடுத்து இன்னொரு பூச்சியை வரவழைத்தேன். தபாலில் வந்தது.

தபாலில் பூச்சி விற்கும் இந்த வியாபாரத்துக்கு லண்டனோடு பழைய உறவு உண்டு. ஹவுன்ஸ்லோ பரோவின் கிழக்கு ஓரமான சிஸ்விக்கில் 1820-களில் தோட்டக்கலைச் சங்கம் தன் தோட்டத்தை அமைத்தது. அதே பத்தாண்டில், ஐல்வர்த் பக்கம் சையன் பார்க்கில் சார்லஸ் ஃபவுலர் வடிவமைத்த பெரிய கண்ணாடி மாளிகை எழுந்தது. இன்றும் போய்ப் பார்க்கலாம். வெப்பநாட்டுச் செடிகளைக் கப்பலில் கொண்டுவந்து கண்ணாடிக்குள் வளர்ப்பது அன்றைய பெரிய மனிதர்களின் பைத்தியம். செடியோடு டிக்கெட் வாங்காமல் வந்த பயணிகளில் ஒன்று, தொட்டால் புகைபோலக் கிளம்பும் வெள்ளை ஈ. 1856-இல் ஜான் ஒபதையா வெஸ்ட்வுட் அதற்குப் பெயர் வைத்தார். மெக்சிகோவிலிருந்து செடிகளோடு வந்திருக்கும் என்பது அவர் கணிப்பு. 'வேப்பரேரியோரம்' என்பது அதன் இனப்பெயர். வெப்பக் குடில்களுக்கு உரியது என்று பொருள். ஒரு பூச்சிக்கு அதன் வாடகை வீட்டு விலாசத்தையே பெயராக வைத்துவிட்டார்கள்.

எழுபது வருஷம் அது ராஜாவாக இருந்தது. 1926-இல் லண்டனுக்கு வடக்கே எல்ஸ்ட்ரீயில் தக்காளி பயிரிட்ட ஒருவர், இலையடியில் வெண்மையாக இருக்க வேண்டிய ஈக்குஞ்சுகளில் சில கறுத்துப்போயிருப்பதைக் கவனித்தார். செஷன்ட் ஆய்வு நிலையத்தில் ஸ்பேயர் என்ற பூச்சியியலாளர் அவற்றை வைத்துப் பார்த்தபோது, கறுத்த கூடு ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு குளவி வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தது. குளவி என்றதும் ஓட்டில் கூடு கட்டும் குளவியை நினைக்க வேண்டாம். நீளம் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல், கொட்டத் தெரியாது. பெயர் என்கார்சியா ஃபார்மோசா. 1930 வாக்கில் அந்த நிலையம் வருஷத்துக்குப் பதினைந்து லட்சம் குளவிகளை எண்ணூறு தோட்டங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும்கூடப் போனது.

பிறகு டிடிடி வந்தது. ஒரு தெளிப்பில் எல்லாம் சாகும்போது குளவியை யார் கட்டி மேய்ப்பது? 1949-இல் குளவி வளர்ப்பை நிறுத்திவிட்டார்கள். அதற்கடுத்த இருபது வருஷத்தில் பூச்சிகள் மருந்துக்குப் பழகின. செம்பேன்தான் எல்லாரையும் முந்தியது. எட்டு நாளுக்கு ஒரு தலைமுறை என்றால் பழக எவ்வளவு நேரம் ஆகும்? 1958-இல் சிலியிலிருந்து ஜெர்மனி வந்த ஆர்க்கிட் செடிகளில், செம்பேனை மட்டுமே தின்று வாழும் இன்னொரு பேன் அகப்பட்டது: ஃபைட்டோசியுலஸ் பெர்சிமிலிஸ். நெதர்லாந்தில் வெள்ளரி பயிரிட்டு, மருந்து ஒவ்வாமல் அவதிப்பட்ட யான் காப்பெர்ட் 1967-இல் இதை வளர்த்து விற்கத் தொடங்கினார். இன்று உலகமெங்கும் பசுமைக்குடில்களுக்குப் பூச்சி விற்கும் நிறுவனம் அவர் பெயரில் இருக்கிறது.

எனக்கு வந்ததும் ஃபைட்டோசியுலஸ்தான். கையடக்கமான புட்டி, உள்ளே பொரி போன்ற தாதுத் துகள். இலைமேல் தட்டிவிட்டு லென்ஸை வைத்தால், ஆரஞ்சு நிறத்தில் பேரிக்காய் வடிவத்தில் ஒன்று விறுவிறுவென்று ஓடுகிறது. செம்பேன் அசைந்து அசைந்து நடக்கும், இது ஓடும். இரண்டையும் பிரித்தறிய அதுவே போதும். ஒரு நாளில் வளர்ந்த பேன் ஐந்தையோ முட்டை இருபதையோ உறிஞ்சிவிடும். 20 டிகிரிச் சூட்டில் செம்பேனைவிட இரண்டு மடங்கு வேகத்தில் பெருகும்.

இத்தனைக்கும் இதற்குக் கண் கிடையாது. இரை இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுப்பது செடி. 1980-களில் நெதர்லாந்தின் மார்செல் டிக்கே, மோரிஸ் சபெலிஸ் குழுவினர் அவரைச் செடிகளை வைத்து இதை நிரூபித்தார்கள். செம்பேன் கடித்த செடி ஒருவித வாசனையைக் காற்றில் விடுகிறது, வேட்டைப்பேன் அதைப் பிடித்துக்கொண்டு வருகிறது. கத்தியால் கீறிய இலை அதே வாசனையை விடுவதில்லை. யார் கடித்தார்கள் என்று செடிக்குத் தெரிந்திருக்கிறது!

அந்த வேட்டையையும் முதல் தடவை நான் கெடுத்தேன். பேனை விட்ட மூன்றாம் நாள், 'எதற்கும் இருக்கட்டும்' என்று பழக்கதோஷத்தில் சோப்புத் தண்ணீரை அடித்துவிட்டேன். சோப்புக்கு நல்ல பேன், கெட்ட பேன் தெரியாது. பதினைந்து பவுண்டு போனது. இரண்டாம் முறை விட்டவை ரேடியேட்டர் காற்றில் காய்ந்தன. வேட்டைப்பேனின் முட்டைக்குக் காற்றில் அறுபது சதவீத ஈரப்பதமாவது வேண்டும். தொட்டிகளை ரேடியேட்டரிலிருந்து நகர்த்தி, தட்டில் கூழாங்கல்லும் தண்ணீரும் வைத்து, தினம் காலையில் இலைக்கு வெறும் தண்ணீர் தெளித்த பிறகுதான் மூன்றாவது கூட்டம் நிலைத்தது. பத்து நாளில் நூலாம்படை குறைந்தது. மூன்று வாரத்தில் புதுத் தளிர் சுத்தமாக வந்தது.

எனக்கு ஏற்றுக்கொள்ளக் கஷ்டமாக இருந்தது வேறு. செம்பேன் எல்லாம் தீர்ந்தால் வேட்டைப்பேனும் பட்டினியில் சாகும். வேறெதையும் அது சாப்பிடாது. அப்புறம் ஒரு செம்பேன் எங்கிருந்தாவது வந்தால் தடுக்க ஆளில்லை. 1960-களில் லிட்டில்ஹாம்ப்டன் கண்ணாடிக்குடில் ஆய்வு நிலையத்தில் ஹஸ்ஸியும் சகாக்களும் இதற்காகத் துணிந்து ஒன்றைச் செய்தார்கள். வெள்ளரி நட்டதும் அவர்களே எல்லாச் செடியிலும் அளவாகச் செம்பேனை விட்டார்கள், பத்து நாள் கழித்து வேட்டைப்பேனை விட்டார்கள். எங்கே வரும், எப்போது வரும் என்று காத்திருப்பதைவிட, தானே அழைத்து உட்காரவைப்பது மேல் என்ற கணக்கு. இன்றும் குடில்களில் தொட்டிக் கோதுமையை வளர்த்து, அதில் மிளகாயைத் தொடாத தானிய அசுவினியை வேண்டுமென்றே வைத்திருப்பார்கள். மிளகாய் அசுவினியைக் கொல்லும் குளவிக்கு அது அன்னசத்திரம்.

விளக்கடியில் செடி வளர்ப்பது என்று இந்த ஊரில் பேச்செடுத்தாலே சிலர் கண்ணடிப்பார்கள். வீட்டுக்குள் கஞ்சா வளர்ப்பது இங்கே பதினான்கு ஆண்டுவரை சிறைக்குரிய குற்றம், அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. ஆனால் உரிமம் பெற்று வளர்ப்பவர்களின் கதை இங்கே பொருந்தும். நார்ஃபோக்கில் விசிங்டன் சர்க்கரை ஆலையை ஒட்டி 18 ஹெக்டேரில் ஒரு கண்ணாடிக்குடில். ஆலையின் கழிவு வெப்பத்தில் வருஷத்துக்குச் சுமார் 14 கோடி தக்காளி காய்த்த இடம். சில வருஷங்களுக்கு முன் அதில் தக்காளியை எடுத்துவிட்டு, வலிப்பு நோய் மருந்துக்காகப் போதை தராத கஞ்சா வகையைப் பயிரிட்டார்கள். மருந்துக்கு வேண்டியது பூவின் பிசின். பிசினைச் செறிவாக்கும்போது அதில் ஒட்டிய பூச்சிமருந்தும் சேர்ந்து செறியும். உடம்புக்குள் போவதோ வலிப்பு வரும் குழந்தைக்கு. பூவில் எண்ணெயோ சோப்போ அடித்தாலும் கழுவி எடுக்க முடியாது. இப்படிப்பட்ட பயிரில் செம்பேனுக்கும் இலைப்பேனுக்கும் மிச்சமிருக்கும் நல்ல பதில், அவற்றைத் தின்னும் பேன்தான்.

கண்ணாடி இல்லாமலும் இது நடக்கும் என்பதற்குக் கோயம்புத்தூர் சாட்சி. 2008-இல் இந்தியாவிலேயே முதலாகப் பப்பாளி மாவுப்பூச்சி அங்கே தென்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று கொங்கு நாட்டுக் காடுகளில் வெள்ளை மாவு பூசிக்கொண்டு பரவியது. விவசாயிகள் அடிக்காத மருந்தில்லை. மாவு மெழுகு போல மூடியிருந்ததால் மருந்து இறங்கவில்லை. 2010-இல் பெங்களூர் ஆய்வு நிறுவனம் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளைத் தருவித்தது. அதில் அசெரோஃபேகஸ் பப்பாயே என்பது சில மாதங்களில் வயல்களில் தானே பரவி, மாவுப்பூச்சியை அடக்கிவிட்டது. அதற்குப் பிறகு யாரும் குளவிக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

என் ஜன்னலுக்கு அந்த வசதி இல்லை. நாலு தொட்டி என்பது காடல்ல, எந்தக் குளவியும் இங்கே வம்சம் வம்சமாகத் தங்காது. வருஷத்துக்கு இரண்டு முறை வாங்கத்தான் வேண்டியிருக்கிறது. மண்ணில் மொய்க்கும் குட்டிக் கறுப்பு ஈக்குத் தண்ணீரைக் குறைத்து மேல்மண்ணைக் காயவிட்டாலே பாதி தீர்ந்தது. மீதிக்கு நூற்புழுவைத் தண்ணீரில் கலக்கி ஊற்றினேன். மஞ்சள் ஒட்டும் அட்டை, எது எப்போது வருகிறது என்று தெரிந்துகொள்ள உதவும். குளவி விட்ட வாரம் மட்டும் அதைக் கழற்றிவிட வேண்டும். குளவியும் மஞ்சளை நோக்கித்தான் பறக்கும்.

வசந்தத்தில் கத்தரியில் வெள்ளை ஈ வந்தது. என்கார்சியா, தபால்தலை அளவு அட்டையில் மிளகுத்தூள் தூவினாற்போல ஒட்டி வந்தது. 18 டிகிரிக்குக் கீழே அது பறக்காது என்பதால் ஜூன் வரை காத்திருந்தேன். அட்டையிலிருந்து வந்த குளவி ஈக்குஞ்சின் மேல் ஏறி, மீசையால் தட்டித் தட்டிப் பார்த்து, திரும்பி நின்று முட்டையைச் செருகுகிறது. வந்தவை கிட்டத்தட்ட எல்லாமே பெண். உடம்புக்குள் வாழும் வோல்பாகியா என்ற பாக்டீரியாவின் வேலை அது. ஆன்டிபயாடிக் கொடுத்தால் ஆண் குளவிகள் பிறக்கின்றன.

பன்னிரண்டாம் நாள் அக்கா வந்தார். இலையைத் திருப்பி லென்ஸை அவர் கையில் கொடுத்தேன். தலைக்கு மேலே விமானம் ஒன்று இறங்கிப் போகும்வரை பேசாமல் பார்த்தார்.

"எத்தனை கறுப்பு?"

"முப்பத்தொண்ணு அக்கா."

"வெள்ளை?"

"ஒன்பது."

"அந்த ஒன்பதையும் நசுக்கி விடட்டே?"

வேண்டாமென்று லென்ஸைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.