கேட்டுவிடுங்கள், மறுபடியும் போங்கள்

ஏரல் கடைத்தெருவில் பரீட்சை முடிவு வந்த அரை மணி நேரத்தில் யார் பிள்ளை எத்தனை மார்க் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். யார் டியூஷனை நிறுத்தினான், எந்த வீட்டில் சண்டை என்பதும் அப்படித்தான். ஆனால் இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடாமல், சிநேகிதரை ஒதுக்கிவிட்டுத் திரிகிற பையனிடம் ‘சாகணும்னு நினைப்பு வருதா’ என்று கேட்க யாருக்கும் நா எழாது. இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்ற பயம்.

இந்தப் பயத்தைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தின் 6 பள்ளிகளில் 2,342 மாணவர்கள். ஒரு பகுதியினரிடம் தற்கொலை எண்ணம் பற்றி நேரடியாகக் கேட்டார்கள், மற்றவர்களிடம் கேட்கவில்லை. 2005-ல் வெளியான முடிவின்படி, கேட்கப்பட்டவர்களுக்கு உளைச்சலோ அந்த எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களுக்குச் சற்று ஆறுதலாகவே இருந்திருக்கிறது.

கேட்பதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். ஒரு பெரியம்மை திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்து, “எய்யா, ஒரு மாதிரியா இருக்கியே. செத்துப் போயிரலாம்னு எப்பமாச்சும் தோணுதா?” என்று கேட்டால் போதும். ‘ஆமா’ என்றால் பதறக் கூடாது. “இதுக்குப் போயாலே?” என்றால் அவன் அதோடு வாயை மூடிக்கொள்வான். பேச விட வேண்டும், தனியே விடக் கூடாது.

இந்த நெருக்கடி பெரும்பாலும் சில மணி நேரத்தில் ஏறி இறங்குவது. அந்த நேரத்தில் ஆபத்தான பொருள் கைக்கு எட்டாமல் இருப்பதே பாதி உயிர்காப்பு. வாழையும் நெல்லும் விளைகிற ஊரில் பூச்சிமருந்தை வீட்டு மூலையில் வைப்பது சாதாரணம். சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் தொடங்கிய ‘சிநேகா’ அமைப்பு, காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் மருந்தை ஊர்ப் பொதுப் பெட்டகத்தில் பூட்டிவைக்கும் முறையைச் சோதித்தது. இலங்கையில் அதிக நச்சுள்ள மருந்துகளைப் படிப்படியாகத் தடைசெய்ததும் தற்கொலை விகிதம் பெருமளவு சரிந்தது.

எனக்கு இவற்றைவிட வியப்பாக இருப்பது வேறொரு ஆய்வு. முயன்று பிழைத்து அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேரை, சென்னை, கொழும்பு உட்பட 5 இடங்களில் உலகச் சுகாதார நிறுவனம் பின்தொடர்ந்தது. ஒரு சாராருக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு சாராருக்கு அதோடு ஒரு மணி நேரப் பேச்சு, பிறகு 18 மாதங்களில் 9 முறை போனிலோ நேரிலோ விசாரிப்பு, அவ்வளவுதான். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்தார்கள், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம்.

நம் ஊரில் முதல் வாரம் வீடு நிறைய ஆள் வரும், மறுமாதம் எட்டிப்பார்க்க ஆள் இருக்காது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் கடையும் சரக்கும் போன வீடுகளிலும் இதே கதைதான். நிவாரணப் பொட்டலம் நின்ற பிறகுதான் கடன்காரர் வாசலுக்கு வருவார். பிள்ளைகளைக் கவனிக்க வேண்டிய காலம் அதுதான்.

‘போலீஸ் கேஸ் ஆகிவிடும்’ என்று சிகிச்சையையே மறைக்கிற குடும்பங்கள் இன்னும் உண்டு. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29-ல் நடைமுறைக்கு வந்தது. முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்ததாகவே அந்தச் சட்டம் கருதுகிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவதை அரசின் கடமையாக்கியிருக்கிறது. 14416 என்ற இலவச எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். பையனுக்காகப் பெரியம்மையும் கூப்பிடலாம். தூத்துக்குடி, திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. முதல் தடவை கூட ஒருவர் பஸ் ஏறிப் போய் வந்தால், அடுத்த தேதிக்கும் அவன் போவான்.