பாலாற்றுக் கிணறும் பன்னாட்டுச் சட்டமும்

காட்பாடி ஜங்ஷனில் ஜோலார்பேட்டை பக்கம் போகும் ரயிலில் ஏறினால், ஆம்பூர் வந்துவிட்டதைத் தோல் வாடையே சொல்லிவிடும். இந்த வழியில் பாலாற்றை ஒட்டிய கொல்லைகளில் இறங்கி ஒரு சொம்பு கிணற்றுத் தண்ணீர் கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் வாயில் வைத்தால் கரிக்கும், சோப்பு போட்டால் நுரைக்காது. பாய்ச்சிய நிலம் காய்ந்தால் வரப்போரம் வெள்ளையாக உப்புப் பூத்து நிற்கும்.

பன்னாட்டுச் சட்டம் என்றதும் ஐ.நா. சபையும் எல்லைத் தகராறும்தான் நமக்கு நினைவுக்கு வரும். ஆனால் அந்தச் சட்டம் இந்தியக் குடிமகனின் கைக்கு வந்து சேர்ந்த முக்கியமான வழக்கு, இந்தக் கிணறுகளிலிருந்துதான் எழுந்தது.

தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு நீரை எதிர்த்து 1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது, கழிவு நீர் பாய்ந்து ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பாழானது என்ற விவரங்கள் அதில் பதிவாகியுள்ளன. தோல் தொழில் அந்நியச் செலாவணியும் வேலையும் தருகிறது என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. அதற்காக நீரையும் மண்ணையும் அழிக்கும் உரிமை அதற்குக் கிடையாது என்றது. ஆம்பூரில் பாதி வீட்டு அடுப்பு தோல் ஷாப்பை நம்பி எரிகிறது. ஆனாலும் நீதிமன்றம் சொன்னதே என் கருத்தும்.

நாடுகளுக்கிடையிலான சட்டம் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களில் மட்டும் இல்லை. ஏரிப் பாசனத்தில் முறைத் தண்ணீருக்கு யாரும் பத்திரம் எழுதுவதில்லை, ஆனாலும் ஊர் கட்டுப்படுகிறது. அப்படியே, கட்டாயம் என்று கருதி நாடுகள் தொடர்ந்து கடைப்பிடிக்கும் வழக்காறும் சட்டம்தான். 1972 ஸ்டாக்ஹோம் மாநாட்டிலிருந்து 1992 ரியோ மாநாடு வரை வளர்ந்த இரண்டு நெறிகளை நீதிமன்றம் எடுத்துக்கொண்டது: முன்னெச்சரிக்கை நெறி, மாசுபடுத்தியவரே ஈடு கட்டும் நெறி. உள்நாட்டுச் சட்டத்துக்கு முரணாகாத பன்னாட்டு வழக்காறு நம் சட்டத்திலும் சேர்ந்ததாகவே கொள்ளப்படும் என்று தீர்ப்பு சொன்னது.

இதில் விவசாயிக்குப் பெரிய பலம் ஒன்று இருக்கிறது. கெடுதல் இல்லை என்று நிரூபிக்கும் பாரம் தொழிலை நடத்துபவர் மீது விழுகிறது. விஞ்ஞானம் இன்னும் உறுதியாகச் சொல்லவில்லை என்பதைக் காட்டித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போட முடியாது. ஈடு என்பதும் பாதிக்கப்பட்டவருக்குத் தரும் பணத்தோடு முடிவதில்லை. கெட்ட மண்ணையும் நீரையும் சீராக்கும் செலவும் அதில் அடங்கும்.

தீர்ப்பின்படி அமைந்த ஆணையம் 2001 மார்ச் 7-ல் இழப்பீட்டு உத்தரவிட்டது. 2009-ல் இன்னொன்று வந்தது. ஆனால் 2025 ஜனவரி 30-லும், பணம் சேராத குடும்பங்களுக்கு அரசே ஆறு வாரத்தில் கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உச்ச நீதிமன்றம் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. ஒரு தலைமுறையே காத்துக் கிடந்தது. இது கொடுமை.

இன்று உங்கள் கிணறு கெட்டால் உச்ச நீதிமன்றம் வரை ஓட வேண்டாம். சென்னையில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. மேற்சொன்ன இரு நெறிகளையும் பின்பற்றியே அது தீர்ப்பளிக்க வேண்டும் என்று 2010-ம் ஆண்டுச் சட்டத்தின் 20-வது பிரிவு கட்டளையிடுகிறது. ஆனால் காலக்கெடு கறாரானது. பாதிப்புக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து, இழப்பீடு கேட்க 5 ஆண்டு, மற்ற சுற்றுச்சூழல் தகராறுகளுக்கு 6 மாதம். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் கிடைக்கலாம், அவ்வளவுதான். வாய்மொழிப் புகாரை நம்பி வருஷத்தைக் கழித்துவிடாதீர்கள்.

முதலில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். ஆலைக்கு என்ன நிபந்தனையோடு அனுமதி தரப்பட்டது என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கேளுங்கள்.

கிணற்றுத் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்து, அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள். பாட்டிலில் தண்ணீர் பிடிக்கும்போதே தேதியை அதன் மேல் எழுதி ஒட்டிவிடுங்கள்.