தேக்காவிலிருந்து ஒரு சாலை – 9: ஒரு நிதியின் பெயர்

சென்ற வாரம் செபாய் லைன்ஸில் நின்றிருந்தோம். அங்கே ஒரு மருத்துவப் பள்ளி வேண்டுமென்று டான் ஜியாக் கிம் முன்னின்று 87,077 வெள்ளி திரட்டியதையும், 1905இல் 23 மாணவர்களோடு அது தொடங்கியதையும் பார்த்தோம். அந்தப் பள்ளி பின்னாளில் கல்லூரியாக வளர்ந்தது. 1949 அக்டோபரில் ராஃபிள்ஸ் கல்லூரியோடு இணைந்து மலாயாப் பல்கலைக்கழகம் ஆனது. இந்த வாரம், அதே பல்கலைக்கழகத்துக்குத் தமிழர்கள் கொடுத்த காசின் கதை.

தேக்கா சந்தையை ஒட்டி, சிராங்கூன் சாலையிலிருந்து பிரிந்து போகிறது புக்கிட் தீமா சாலை. கீரையும் மீனும் வாங்கிய பையோடு அதில் ஏறி நேரே போனால், தாவரப் பூங்காவுக்கு எதிரிலே ஒரு காலத்தில் பல்கலைக்கழகம் இருந்த வளாகம் வந்துவிடும். பேருந்தில் சிறிது நேரப் பயணம்தான். ஆனால் 1950களில் துறைமுகத்திலும் கடற்படைத் தளத்திலும் நகராட்சியிலும் உடலுழைத்த தமிழருக்கு அது எட்டாத தூரம். அவர்களில் பெரும்பாலோரின் பிள்ளைகள் தமிழ்ப் பள்ளியில் படித்தார்கள். பல்கலைக்கழகமோ ஆங்கிலத்தில் இயங்கியது.

அந்தப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை ஒன்று வரப்போகிறது என்ற செய்தி வந்தபோது, அதோடு ஒரு கேள்வியும் வந்தது. துறையின் மொழி எது? ஆலோசனை சொல்ல அழைக்கப்பட்ட வரலாற்றறிஞர் க. அ. நீலகண்ட சாஸ்திரி சமஸ்கிருதத்துக்கு முதலிடம் தரச் சொன்னார். சோழர் வரலாற்றை எழுதிய பேரறிஞர் அவர். அந்தப் புலமைக்கு முன் நான் தலை வணங்குகிறேன். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் பார்த்தது ஏடுகளை. இந்த ஊரில் வாழ்ந்த மக்களை அல்ல. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இந்தியர் என்றால் பெரும்பாலும் தமிழர். ரப்பர் தோட்டத்திலும் துறைமுகத்திலும் பேசப்பட்ட மொழி, அவர்கள் நாட்டுப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் இடத்தில் உட்காருவதா?

இதைக் கேட்டவர் கோ. சாரங்கபாணி. திருவாரூரில் பிறந்து 1924இல் சிங்கப்பூர் வந்தவர். 1935இல் 'தமிழ் முரசு' தொடங்கியவர். அவர் கேள்வி கேட்டதோடு நிற்கவில்லை. துறையில் தமிழ் இருக்க வேண்டுமானால் படிக்க நூல் வேண்டும், நூல் வாங்கப் பணம் வேண்டும். வாசகர்களிடம் கையேந்தினார். அந்த நிதிக்குப் பெயர் 'தமிழ் எங்கள் உயிர்'.

பொதுவாக இப்படிப்பட்ட நிதிகளுக்குக் கட்டட நிதி, நூலக நிதி என்று பெயர் வைப்பார்கள். இதற்கு வைத்ததோ கொடுத்தவர்களின் மனசை. தாங்கள் ஒருநாளும் உள்ளே போய் உட்காரப்போவதில்லை என்று தெரிந்த ஒரு நூலகத்துக்காகத் தொழிலாளர்களும் சிறு கடைக்காரர்களும் கொடுத்தார்கள். ஏறக்குறைய அதே ஆண்டுகளில் சீனர்கள் நன்யாங் பல்கலைக்கழகத்தை எழுப்பிக்கொண்டிருந்தார்கள். டான் லார்க் சை போன்ற செல்வந்தர்களோடு, ரிக்‌ஷா மிதித்தவர்களும் ஒரு நாள் வரும்படியைக் கொடுத்தார்கள். ஓர் ஊரின் ஏழைகள் பல்கலைக்கழகத்தை எப்படி நினைத்தார்கள் என்பதை அறிய எனக்கு இந்த இரண்டு வசூல்களும் போதும்.

1956இல் துறை தொடங்கியது. தமிழ் அதன் மொழியாயிற்று.

பிறகு நடந்தது சிங்கப்பூருக்கு இழப்பு. 1959இல் பல்கலைக்கழகம் சிங்கப்பூர், கோலாலம்பூர் என இரு பிரிவுகளாக, இந்திய இயல் துறை கோலாலம்பூருக்குப் போனது. அங்கே தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் தலைமையேற்றார். 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாட்டை அந்நகரில் கூட்டினார். தமிழுக்கு அது பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் காசு கொடுத்த சிராங்கூன் சாலையின் பிள்ளைக்கு, சொந்த ஊரில் தமிழ் படித்துப் பட்டம் பெற வழியில்லாமல் போயிற்று. தமிழாசிரியர்கள் பலர் தமிழகப் பல்கலைக்கழகங்களில் அஞ்சல்வழி படித்துத்தான் பட்டம் பெற்றார்கள். பகலில் வகுப்பெடுத்துவிட்டு, இரவில் தாங்களே மாணவர்களானார்கள்.

அந்தக் கதவு மறுபடி திறந்தது 2006இல். சிம் பல்கலைக்கழகம் தமிழ் மொழியும் இலக்கியமும் கற்பிக்கும் பட்டப்படிப்பைத் தொடங்கியது. வேலைக்குப் போகிறவர்களுக்கான மாலை வகுப்புகள். அதே நிறுவனம் 2017இல் சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகமாகி, நாட்டின் ஆறாவது தன்னாட்சிப் பல்கலைக்கழகமானது. இன்னொரு பக்கம், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள தேசியக் கல்விக் கழகம் தமிழாசிரியர்களைப் பயிற்றுவிக்கிறது. மேடைத் தமிழை மட்டும் அல்லாமல் வீட்டில் பேசுகிற தமிழையும் வகுப்புக்குள் கொண்டுவர அங்கே ஆய்வுகள் நடந்தன. இந்தப் பணியை நான் மிக மதிக்கிறேன், காரணம் இருக்கிறது. 2010 மக்கள்தொகைக் கணக்கில் இங்குள்ள இந்தியர்களில் 36.7 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசியது தமிழ். 2020இல் அது 27.9 விழுக்காடு. எழுத்துத் தமிழை மட்டுமே கற்ற பிள்ளை பாட்டியிடம் பேச வாயெடுத்தால் திணறுகிறது. திணறினால் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறது.

பட்டம் என்று பேசும்போது கட்டணத்தை மறக்க முடியாது. 1991இல் அமைந்த, இந்தியச் சமூகத்தின் சுய உதவி அமைப்பான சிண்டாவுக்கு இந்தியத் தொழிலாளர் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் ஒரு சிறு தொகை போகிறது. துணைப்பாட வகுப்புக்கும் மாணவர் உதவிக்கும் பயன்படும் பணம் அது. சிண்டாவின் அலுவலகம் இருப்பது சிராங்கூன் சாலையை ஒட்டிய பீட்டி சாலையில். ஒரு தலைமுறை விரும்பிக் கொடுத்ததை, அடுத்தது மாதச் சம்பளத்திலேயே கொடுக்கிறது.

புக்கிட் தீமா சாலை தாவரப் பூங்காவோடு முடிவதில்லை. இன்னும் மேலே போனால் இடப்பக்கம் கிளமெண்டி சாலை திரும்பும். சமூக அறிவியல் பல்கலைக்கழகம் அந்தச் சாலையில்தான். ஆறரை மணிக்குமேல் அந்தப் பக்கம் பேருந்தில் போய்ப் பாருங்கள். அலுவலக அட்டை கழுத்திலேயே தொங்க, முதுகில் பையோடு, நாற்பது வயதைக் கடந்தவர்களும் அந்த நிறுத்தத்தில் இறங்கி வகுப்புக்கு நடக்கிறார்கள்.

(தொடரும்)