காருக்கு மெருகு: எந்த மெத்தை ஏற்றது?

பித்தளைக் குத்துவிளக்கைப் புளியிட்டுத் துலக்குவது நம் இல்லங்களில் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் வழக்கம். பாட்டி துலக்கிய விளக்கைப் பேத்தியும் துலக்குகிறாள். ஒவ்வொரு தடவையும் உலோகம் அணுவளவு தேய்ந்தாலும் அதன் கனம் அத்தேய்வைத் தாங்கிக்கொள்கிறது. இதே நினைவுடன் மோட்டார் காரின் வர்ணத்தைத் தேய்க்க முற்படுவோமாயின், வருவது மெருகன்று, நட்டமேயாகும்.

கண்டி மாநகரிலும் சுற்றுப்புறங்களிலும் 'கட் அன்ட் பொலிஷ்' செய்து கொடுக்கும் கராஜ்கள் பல உள்ளன. மின் இயந்திரம் வாங்கி வீட்டு முற்றத்திலேயே மெருகிடுவோரும் உளர். இயந்திரத்தின் விலையையும் கொம்பவுண்டின் பெயரையும் துருவித் துருவி ஆராயும் நாம், வர்ணத்தை நேரே தொட்டு வேலை செய்யும் வட்ட மெத்தையைப் பற்றிச் சிந்திப்பது குறைவு. கடைகளில் 'பொலிஷிங் பேட்' என விற்கப்படுவது இதுவே. காரின் மேனி பிழைப்பதும் பாழாவதும் பெரும்பாலும் இந்த மெத்தையின் தெரிவிலேயே தங்கியிருக்கிறது.

பழைய காரும் குடும்பச் சொத்தும்

இலங்கையில் 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்குக் கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியிலேதான். இடைப்பட்ட ஏறக்குறைய ஐந்தாண்டுகளில், உள்ள காரைப் பேணிக்கொள்வதன்றி அநேக குடும்பங்களுக்கு வேறு வழியிருக்கவில்லை. இறக்குமதி தொடங்கிய பின்னரும் வரிச்சுமையினால் புதுக் கார் பலருக்கு எட்டாக்கனியாயிற்று. ஆகவே காரின் வர்ணத்தைக் காப்பதை வெறும் ஆடம்பரமென்று தள்ளிவிட முடியாது. வர்ணம் போனால் தகடு துருப்பிடிக்கும். தகடு துருப்பிடித்தால் காரின் மதிப்பும் ஆயுளும் ஒருங்கே குறையும்.

கண்டியின் இயற்கையும் காருக்குச் சோதனை வைப்பதே. இரு பருவக் காற்றுகளும் மழை கொணர்கின்றன. வாவிக்கரை மரங்களில் தங்கும் பறவைகளும், பேராதனைப் பூங்காவில் தலைகீழாகத் தொங்கும் பழந்தின்னி வௌவால்களும் கீழே நிற்கும் வாகனங்கள்மீது எச்சமிடுகின்றன. வெயிலில் காய்ந்த எச்சம் வர்ணத்தை அரித்துத் தழும்பை விட்டுச் செல்லும். மலைப்பாதைச் சேற்றை அவசரத்தில் வெறுந்துணியால் துடைக்கும்போது மணற்றுகள்கள் மெல்லிய கீறல்களை உண்டாக்குகின்றன. வெயிலில் பார்த்தால் இக்கீறல்கள் சிலந்தி வலைபோல் வட்டவட்டமாகத் தோன்றும். உண்மையில் அவை எல்லாத் திசைகளிலும் ஓடுகின்றன. ஒளியைக் குறுக்கே சந்திக்கும் கீறல்கள் மட்டுமே மின்னுவதால் வட்டமாகக் காட்சியளிக்கின்றன. மாணவர்கள் இதைத் தேய்ந்த எவர்சில்வர் தட்டிலும் கண்டு தெளியலாம்.

ஒரு தாளின் கனம்

இன்றைய கார்களில் தொழிற்சாலை இடும் வர்ணப்பூச்சு முழுவதையும் சேர்த்தாலும் பொதுவாக 100 முதல் 150 மைக்ரோன் வரைதான் கனமிருக்கும். ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீட்டரின் ஆயிரத்திலொரு பங்கு. அப்பியாசக் கொப்பியின் ஒற்றைத் தாளின் கனம் ஏறத்தாழ 100 மைக்ரோன் என்றால் நிலைமை விளங்கும். இதில் மேலேயுள்ள நிறமற்ற பூச்சு, அதாவது 'கிளியர் கோட்', 35 முதல் 50 மைக்ரோன் வரையே இருக்கும். நம் தலைமுடி இதைவிடத் தடிமனானது. பளபளப்பைத் தருவதும், சூரியனின் புறஊதாக் கதிர்களைத் தடுத்து உள்நிறத்தைக் காப்பதும் இந்த மெல்லிய படலமே. மெருகிடுதல் என்பது கீறலை நிரப்புவதன்று. கீறலைச் சுற்றியுள்ள மேட்டைத் தேய்த்துக் கீறலின் மட்டத்துக்குக் கொணர்வதாகும். தேய்ந்தது திரும்ப வராது.

1948 இல் பிறந்த மொரிஸ் மைனர் போன்ற பழங்கார்களின் கதை வேறு. நிறமற்ற மேற்பூச்சு 1980களிலேதான் பரவலாயிற்று. அதற்கு முந்திய முறையில் வர்ணமிட்ட காரை மெருகிடும்போது மெத்தையில் காரின் நிறமே ஒட்டிக்கொள்ளும். வெள்ளைத் துணியில் சிறிது கொம்பவுண்டைத் தொட்டு, மறைவான ஓரிடத்தில் தேய்த்துப் பார்த்தால் நம் கார் எவ்வகை என்பது வெளிப்பட்டுவிடும்.

மெத்தைகளின் குணம்

மெத்தைகள் பெரும்பாலும் மூவகைப்படும்.

முதலாவது ஆட்டுரோம மெத்தை. இது விரைவாக வெட்டும். இழைகளினூடே காற்று புகுவதால் சூடும் குறைவு. ஆயினும் தான் சென்ற வழியில் மெல்லிய மங்கலை விட்டுச்செல்லும். பின்னால் இன்னொரு மெத்தையால் அதைத் தெளிவிக்க வேண்டும்.

இரண்டாவது மைக்ரோபைபர் எனும் நுண்ணிழை மெத்தை. இதுவும் நன்றாக வெட்டும். ஆனால் வெட்டிய துகள்களை இழைகளுக்கிடையே தேக்கிவைத்துக்கொள்ளும் குணமுடையது. ஆதலின் இதை அடிக்கடி துப்புரவு செய்தல் வேண்டும்.

மூன்றாவது ஸ்பொஞ் மெத்தை. இதிலேயே கடினம், நடுத்தரம், மென்மை எனப் படிகள் உண்டு. கடினமானது ஆழ்ந்த கீறலுக்கும், நடுத்தரமானது பொது மெருகுக்கும், மிக மென்மையானது இறுதித் தெளிவுக்கும் உரியன.

நிறத்தைக் கண்டு மயங்குதல் கூடாது. ஒரு நிறுவனம் கடின மெத்தைக்கு இடும் நிறத்தை மற்றொரு நிறுவனம் மென்மையானதற்கு இடக்கூடும். எல்லோருக்கும் பொதுவான ஒழுங்கு கிடையாது. உறையிலுள்ள குறிப்பை வாசிப்பதும், பெருவிரலால் அழுத்தி எவ்வளவு அமிழ்கிறது, எவ்வளவு விரைவில் நிமிர்கிறது என்று பார்ப்பதுமே நம்பத்தக்க வழி.

சுழற்சியும் சூடும்

இயந்திரங்கள் இருவகை. ஒன்று ஒரே அச்சில் சுழல்வது. 7 அங்குல மெத்தையை நிமிடத்துக்கு 1,500 சுற்று வீதம் சுழற்றினால் அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்; நடுப்பகுதியோ அசையாது. ஓரிடத்தில் சிறிது தாமதித்தாலும் அங்கே சூடேறி வர்ணம் கருகும். மற்றது சுழன்றுகொண்டே பக்கவாட்டிலும் ஆடுவது. இதில் தேய்வு ஒரே பாதையில் விழாமல் பரவுவதால் புதியவர்களுக்கு இதுவே பாதுகாப்பானது.

பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகங்கள் சூட்டை இலகுவில் கடத்துவதில்லை. அங்கே 3 அங்குலச் சிறு மெத்தையும் குறைந்த வேகமும் போதும். கதவு விளிம்பு, பொனட்டின் மடிப்பு முதலிய இடங்களில் வர்ணம் மெலிந்திருக்கும்; அவற்றின்மேல் காகித டேப் ஒட்டிவிடுதல் நன்று.

மென்மையிலிருந்து தொடங்குக

நாம் வலியுறுத்த விரும்பும் விதி ஒன்றே. மிக மென்மையான மெத்தையிலிருந்து தொடங்குக. அது போதாதபோது மட்டும் அடுத்த படிக்கு ஏறுக.

முதலில் காரைக் கழுவி உலர்த்தி நிழலில் நிறுத்த வேண்டும். பொனட்டில் இரண்டடிச் சதுரமான இடத்தைத் தெரிந்து, மென்மையான மெத்தையையும் காரமற்ற பொலிஷையும் கொண்டு மெதுவாக நான்கைந்து முறை குறுக்கும் நெடுக்குமாகச் செல்லுங்கள். துடைத்துவிட்டு டோர்ச் வெளிச்சத்தில் நோக்குங்கள். கீறல் மறைந்துவிட்டதா? அதே மெத்தையால் முழுக் காரையும் முடிக்கலாம். மறையவில்லையா? பொலிஷை மாற்றாமல் மெத்தையை மட்டும் ஒரு படி கடினமாக்கி மீண்டும் சோதியுங்கள். நகத்தால் வருடும்போது நகம் தடுக்குமளவு ஆழ்ந்த கீறலாயின் அதை முற்றாகப் போக்க முயல வேண்டாம். கீறல் போகுமுன் மேற்பூச்சே போய்விடக்கூடும். எல்லாக் கீறலும் மறைய வேண்டுமென்ற பேராசையே காரின் முதற் பகைவன்.

ஒரே மெத்தையால் கார் முழுவதையும் தேய்ப்பது இன்னொரு தவறு. ஈரமும் துகளும் ஊறிய மெத்தை சூடேறும், சரிவர வெட்டாது. இரண்டு மூன்று பாகங்களுக்கு ஒரு முறை மெத்தையை மாற்றுவது நலம். தரையில் விழுந்த மெத்தையை அப்படியே எடுத்துத் தொடருதல் கூடாது. ஒரு மணற்றுகள் போதும், ஒரு நாள் உழைப்பைக் கெடுக்க. வேலை முடிந்தபின் சவர்க்காரத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, மூடிய பெட்டியில் வைக்க வேண்டும்.

மாத்தளை கற்பிக்கும் பாடம்

எதைக் கொண்டு தேய்ப்பது என்னும் கேள்வி நம் நாட்டுக்குப் புதிதன்று. கண்டிக்கு வடக்கே, மாத்தளைப் பகுதியிலுள்ள ஹப்புவித கிராமம் அரக்கு வேலைக்குப் பெயர்பெற்றது. கடைசலில் சுழலும் மரத்தின்மேல் நிற அரக்கை அழுத்த, உராய்வின் சூட்டில் அரக்கு இளகிப் படிகிறது. பின்னர் உலர்ந்த ஓலையால் அதைத் தேய்த்து மெருகேற்றுகின்றனர். அங்கே மரம் சுழல்கிறது, ஓலை நிற்கிறது. இங்கே கார் நிற்கிறது, மெத்தை சுழல்கிறது. தத்துவம் ஒன்றே. அரக்கு மெல்லியது என்பதை அக்கைவினைஞர் அறிவர்; ஆதலால் அதற்கிசைந்த மென்பொருளையே கையிலெடுக்கின்றனர்.

அடுத்த முறை காரை மெருகிடக் கொடுக்கும்போது, "எந்த மெத்தையால் தொடங்கப் போகிறீர்கள்? முதலில் ஓரிடத்தில் சோதித்துக் காட்டுவீர்களா?" என்று கேட்பதற்கு வாசகர்கள் தயங்க வேண்டாம். தொழிலறிந்தவர் அக்கேள்வியை விரும்பி ஏற்பார். தயங்கி மழுப்புபவரிடம் சாவியைக் கொடுக்குமுன் ஒருகணம் யோசிப்பது நல்லது.