பீரங்கி மருந்தும் குழல் கசடும்
உதயகிரி கோட்டை, புலியூர்க்குறிச்சி. 18ஆம் நூற்றாண்டு

1741 குளச்சல் போரில் தோற்ற டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய், பின்னர் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைத்தளபதியானார். அவர் மேற்பார்வையில் இக்கோட்டைக்குள் பீரங்கி வார்க்கும் பட்டறை இயங்கியது.

அக்காலப் பீரங்கிகளில் மருந்தும் குண்டும் குழல்வாய் வழியாகவே இடப்பட்டன. மருந்தில் ஏறத்தாழ 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். மணியின் பருமனும் முக்கியம். துப்பாக்கிக்குக் குறுமணி, பீரங்கிக்குப் பருமணி. பருமணி நிதானமாக எரிந்து குண்டைத் தள்ளும். குறுமணியைப் பெருங்குழலில் அடைத்தால் அழுத்தம் சட்டென ஏறிக் குழலே வெடிக்கக்கூடும்.

எரிந்த மருந்தில் பாதிக்கு மேல் வாயுவாக மாறாமல் புகைத்துகளாகவும் கசடாகவும் எஞ்சும். குழலில் படியும் கசடு ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். இரு பருவமழையும் கடற்காற்றும் உள்ள இப்பகுதியில் குழலைத் துடைப்பது ஓயாத வேலை.

ஒவ்வொரு வெடிக்கும் பிறகு, நீண்ட கோலின் முனையில் கட்டிய ஈரத் துடைப்பானைக் குழலின் அடிவரை செலுத்துவார்கள். கசடு இளகும், கனல் அணையும். அவ்வேளையில் இன்னொருவர் பற்றவைக்கும் துளையைக் கட்டைவிரலால் அழுத்தி மூடியிருப்பார். காற்று புகுந்தால் உள்ளிருக்கும் கனல் மூளும். ஒரு பொறி மிஞ்சினாலும் அடுத்த மருந்து இடும்போதே வெடித்துவிடும். இப்படிக் கையையும் உயிரையும் இழந்த வீரர்கள் எல்லா நாட்டுப் படைகளிலும் உண்டு.

1777இல் இறந்த டிலனாயின் கல்லறை, கோட்டைக்குள் உள்ள பழைய சிற்றாலயத்தில் இருக்கிறது.